சிரிச்சதுக்குக் கிடைச்ச பதில்: 'இன்சிடென்ட்' கவிதையைப் பத்தி ஒரு தம்பி கேட்டதுக்கு

கோபியிலிருந்து ஒரு தம்பி, பி.ஏ. இங்கிலீஷ் ரெண்டாம் வருசமாம், கேட்டிருக்கார். கவுன்டே கல்லன்ங்கற அமெரிக்கக் கறுப்புக் கவிஞர் எழுதின 'இன்சிடென்ட்'ங்கற பன்னெண்டு வரிக் கவிதை பாடத்துல இருக்குது, சார் வந்து போர்டுல 'குழந்தைமை இழப்பு, இனவெறி'ன்னு ரெண்டு வார்த்தை எழுதிட்டுப் போயிட்டார், எனக்கு அது ஒரு பையன் இன்னொரு பையனுக்கு நாக்கு நீட்டுன கதையாத்தான் தெரியுது, இதுல அப்படி என்ன பெருசா இருக்குது, அது கவிஞருக்கே நடந்ததா, நம்மூரு ஜாதியோட ஒப்பிட்டு அசைன்மென்ட் எழுதலாமான்னு. மூணு கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் எனக்கு ஒண்ணாத்தான் படுது. எட்டு வயசுப் பையன் எட்டு வயசுப் பையனைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னா அதை இத்தனை நாளு தூக்கிச் சொமக்கணுமா, புள்ளைங்க சண்டைதானேங்கறதுதான் தம்பி மனசுல ஓடற கேள்வி. வெளிய கேக்கச் சங்கடப்பட்டுட்டு மூணாப் பிரிச்சுக் கேட்டிருக்கார். தப்பில்லீங்க, நல்ல கேள்வி.

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு காலேஜ்ல 31 வருசம் இங்கிலீஷ் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவன், இந்தக் கவிதையை எப்படியும் இருபது தடவைக்கு மேல வகுப்புல நடத்தியிருப்பேன். அமெரிக்காவை நான் கண்ணால பாத்ததில்ல, அந்த நாட்டு விசயம் எனக்குத் தெரிஞ்சதெல்லாம் படிச்சதுதான், அதை முன்னாடியே சொல்லிடறேன். பேரைச் சொல்றப்பவே வகுப்புல ஒரு சிரிப்புச் சத்தம் வரும். கவுன்டே-ன்னதும், கவுண்டர்ன்னு காதுல விழறதால, பின் பெஞ்சுல எவனாவது "சார், நம்மாளுங்களா?"ம்பான், பாதிப் பேர் சிரிப்பானுங்க, பாதிப் பேர் சிரிக்க மாட்டானுங்க. யாரு சிரிக்கலைன்னு பாத்து வெச்சுக்குவேன், பாடம் அங்கயே ஆரம்பிச்சிரும்.

கவிதையை முதல்ல சொல்லிடறேன், படிக்காதவங்களும் இருப்பாங்க. ஒருத்தர் பெரியவரான பொறவு நினைச்சுப் பாத்துச் சொல்றார். ஒருக்கா அமெரிக்காவுல பழைய பால்டிமோர் ஊருக்குள்ள வண்டில போயிட்டிருந்தேன், நெஞ்செல்லாம் தலையெல்லாம் சந்தோசம், அப்ப ஒரு பால்டிமோர்க்காரன் என்னையவே உத்துப் பாத்துட்டிருந்தான். எனக்கு எட்டு வயசு, சின்ன உருவம், அவனும் என்னைவிட ஒரு துளியும் பெரியவனில்ல, அதனால நான் சிரிச்சேன், அவன் நாக்கை நீட்டி ஒரு வார்த்தை சொன்னான். மே மாசத்துல இருந்து டிசம்பர் வரைக்கும் பால்டிமோர் முழுக்கப் பாத்தேன், அங்க நடந்த அத்தனையிலயும் எனக்கு ஞாபகம் இருக்கறது அது ஒண்ணுதான். முடிஞ்சுதுங்க, இவ்வளவுதான். அந்த வார்த்தை என்னன்னு உங்களுக்குத் தெரியும், இங்கிலீஷ்ல ஆறு எழுத்து, கறுப்பு மக்களைக் கேவலப்படுத்தறதுக்குன்னே இருக்கற வசவு, இங்க நான் டைப் பண்ணலை.

தலைப்பையே பாருங்க, சம்பவம். இப்பத்தப் பசங்க 'தரமான சம்பவம்'னு ஏதாவது பெருசாச் செஞ்சாச் சொல்லிக்கறாங்க, அது வேற. கல்லன் வெச்சது போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் நோட்டுல எழுதற மாதிரியான, ஈரமே இல்லாத ஒரு வார்த்தை. அழுதேன்னு ஒரு வரி இல்ல, அம்மாகிட்டப் போய்ச் சொன்னேன்னு இல்ல, வலிச்சுதுன்னு கூட இல்ல. வகுப்புல எந்த வருசமும் யாராவது ஒருத்தர் "பையன் மனசு ஒடஞ்சு அழறான்"னு எழுதுவாங்க. எந்த வரில அழறான் காட்டுன்னு கேட்டா முழிப்பாங்க.

இப்ப நோட்ஸ் புக்குல எச்சா வராத ஒண்ணு சொல்றேன். பன்னெண்டு வரிலயும் வெள்ளைங்கற வார்த்தை இல்ல, கறுப்புங்கற வார்த்தையும் இல்ல. எதுத்தாப்புல இருந்த பையனை 'பால்டிமோர்க்காரன்'னுதான் சொல்றார், நம்ம பக்கம் வெளியூர் போனா "ஒரு கரூர்க்காரன் பாத்துட்டிருந்தான்"னு சொல்ற மாதிரி. அவன் இந்த ஊரு, நான் விருந்தாளி, அவ்வளவுதான் அந்தப் பையனுக்குத் தெரிஞ்ச வித்தியாசம். வயசு சமம், உயரம் சமம், அதனால சிரிக்கலாம்னு கணக்குப் போட்டுச் சிரிக்கறான். அந்த 'அதனால'வை விட்றாதீங்க, குழந்தையோட லாஜிக் முழுக்க அதுக்குள்ளதான் இருக்குது. எட்டாவது வரியோட கடைசில அந்த வசவு வந்து விழறப்பத்தான் கவிதைக்குள்ள நிறம்னு ஒண்ணு நுழையுது. அதுவரைக்கும் படிக்கறவனுக்கும் தெரியாது, சொல்ற பையனுக்கும் தெரியாது. நீ யாருன்னு அவனுக்கு அவன் வயசுக்காரன் ஒருத்தன் சொல்லிக் குடுக்கறான். இந்தக் கவிதை வந்த தொகுப்போட பேரே 'நிறம்', 1925ல வந்துது. அட்டையில இருக்கற வார்த்தை கவிதைக்குள்ள இல்ல. வேணும்னே செஞ்சதான்னு கேட்டா எனக்கு அப்படித்தான் படுது, ஆனா அது என்ற வாசிப்பு, சத்தியம் பண்ண மாட்டேன்.

சந்தத்துக்கு வருவோம், இதுல ஊகமே வேண்டாம், விரல் விட்டு எண்ணிக்கலாம். எட்டு சிலபிள், ஆறு சிலபிள், மறுக்கா எட்டு, மறுக்கா ஆறு, இது இங்கிலீஷ்ல நாட்டுப்புறக் கதைப்பாட்டு, சர்ச்ல பாடற பாட்டு, குழந்தைங்க பாட்டு இதுக்கெல்லாம் வர்ற அளவு. நம்ம 'நிலா நிலா ஓடி வா' மெட்டுல ஒருத்தர் இழவுச் சேதி சொன்னா எப்படி இருக்கும், அப்படி. முதல் பத்தில சின்ன வரி ரெண்டும் 'க்ளீ', 'மீ'ன்னு ஒரே சிலபிள்ல டக்குன்னு முடியும், விசில் அடிச்ச மாதிரி. ரெண்டாம் பத்தியில இருந்து சின்ன வரி ஒவ்வொண்ணுலயும் ஒரு சிலபிள் கூடிப் போகுது, ஆறு ஏழாயிருது, 'பிக்கர்'னு, 'டிசம்பர்', 'ரிமெம்பர்'னு கடைசிச் சத்தம் தொங்கிப் போய் விழுது. காலு வாரி விட்ட மாதிரி. அப்பறம் அந்த ரைம். 'அவனும் என்னைவிடப் பெரியவனில்ல'ங்கற வரி 'பிக்கர்'ல முடியுது, ரெண்டு வரி தள்ளி அதுக்கு ஒரு ஜோடி வந்தே ஆகணும்னு காது காத்துட்டிருக்குது, இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கறவனுக்கு அந்த ஜோடி என்னன்னு சிரிப்பு வரியைத் தாண்டறப்பவே தெரிஞ்சு போயிருக்கும். பையன் சிரிக்கறான், படிக்கறவனுக்கு முன்னாடியே வயித்தைக் கலக்குது. நிறுத்தவும் முடியாது. இதை நடத்தறப்ப நான் ஒவ்வொரு வருசமும் போர்டுல அந்த ரெண்டு வரியோட கடைசியை மட்டும் எழுதி, ரெண்டாவதை வெறும் கோடாப் போட்டு விட்ருவேன், பசங்க கொஞ்ச நேரம் முணுமுணுத்துட்டு அமைதியாயிருவாங்க.

மே, டிசம்பர் பத்திப் பல நோட்ஸ்ல வசந்தம் போய் குளிர்காலம் வந்துது, அதாவது வெகுளித்தனம் போச்சுதுன்னு எழுதியிருக்கும். இருக்கலாம். ஆனா 'ரிமெம்பர்'க்கு ரைம் வேணும், 'டிசம்பர்' கைக்கு வாட்டமா இருக்குது, அதையும் சேத்துச் சொல்லுங்க, சின்னத்தையும் பெருசு பண்ணி எழுதினா மார்க் வரும்னு நினைச்சு நெம்பப் பேரு எழுதறாங்க. எனக்கு அங்க முக்கியமாப் படறது கணக்குத்தான். எட்டு மாசத்துக்குக் கிட்ட ஒரு ஊர்ல இருக்கான், துறைமுக ஊரு, கப்பல் வந்திருக்கும், ஒறம்பரைங்க வீட்டுல நல்ல சோறு போட்டிருப்பாங்க, எதுவும் நிக்கல. முதல் பத்தியில நெஞ்சும் தலையும் ரெண்டும் நெறஞ்சு கெடக்குது, கடைசி வரில அதே தலைக்குள்ள ஒரே ஒரு பொருள் மட்டும் இருக்குது. வலிச்சுதுன்னு சொல்லாம வலியோட அளவைச் சொல்ற வேலை அது.

கவிஞருக்கே நடந்ததான்னா, உறுதியாத் தெரிஞ்சது இவ்வளவு. கல்லன் பொறந்தது 1903, ஹார்லெம்ல ஒரு மெதடிஸ்ட் பாதிரியார் வீட்டுப் புள்ளையா வளந்தார், 1920கள்ல நியூயார்க் ஹார்லெம்ல கறுப்பு எழுத்தாளர்கள் கெளம்பி வந்தாங்களே, அந்த அலைல முன்வரிசை ஆளு, புஸ்தகம் வந்தப்ப 22 வயசு, செத்தது 1946. பொறந்த ஊரு எதுன்னே ஆராய்ச்சியாளருங்க மத்தில ஒத்த கருத்து இல்ல, லூயிவில்ங்கறாங்க, நியூயார்க்ங்கறாங்க, பால்டிமோர்ன்னு சொல்றவங்களும் உண்டு. தன்ற சின்ன வயசைப் பத்தி அவரே எச்சாப் பேசினதில்ல. அதனால "கல்லனுக்கு எட்டு வயசுல நடந்த உண்மைச் சம்பவம்"னு பரிச்சைல எழுதிறாதீங்க, "கவிதையில பேசற பையன்"னு எழுதுங்க. இதை அவர் சமர்ப்பணம் பண்ணியிருக்கறது எரிக் வால்ரண்ட்ங்கற எழுத்தாளருக்கு, பிரிட்டிஷ் கயானாவுல பொறந்தவர். இன்னொண்ணு, நான் நீக்ரோ கவிஞன்னு இல்லாம வெறும் கவிஞனா இருக்கணும்னு 1924லயே பத்திரிகைக்குச் சொன்னவர் கல்லன். அப்படிச் சொன்ன மனுசனோட பேரை இன்னிக்கு எல்லார் வாயிலயும் வெச்சிருக்கறது இந்தப் பன்னெண்டு வரிதான், அதை நினைச்சா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அவர் இங்கிலீஷ் கவிஞர் கீட்ஸை உருகி உருகிப் படிச்சு எழுதின பெரிய பெரிய கவிதையெல்லாம் லைப்ரரி அலமாரில தூங்குது.

பால்டிமோர்ங்கற ஊரு சும்மா ரைமுக்கு வந்ததில்லீங்க. 1910 டிசம்பர்ல அந்த நகரசபை ஒரு சட்டம் போட்டுது, வெள்ளைக்காரங்க எச்சா இருக்கற தெருத்துண்டுக்குள்ள கறுப்பர் குடி போகக் கூடாது, அதே மாதிரி இவங்க எச்சா இருக்கற இடத்துல அவங்க போகக் கூடாதுன்னு. அமெரிக்காவுல நகரசபை சட்டமாவே தெருவைப் பிரிச்சதுல அதுதான் முதல்ங்கறாங்க, அதைப் பாத்து மத்த ஊர்க்காரங்களும் போட ஆரம்பிச்சாங்க, லூயிவில் ஊரோட சட்டம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1917ல செல்லாதுன்னு ஆச்சுது. அதாவது அந்தப் பையன் கல்லன் வயசுக்காரன்னு வெச்சுக்கிட்டா, அவன் வண்டியில போற காலத்துல, நாக்கு நீட்டுன பையன் வீட்டுல ராத்திரி சோத்துக்கு உக்காந்தா அப்பனும் சித்தப்பனும் பேசிட்டிருக்கற விசயமே எந்தத் தெருவுல யாரு வந்துட்டாங்கங்கறதுதான். இது என்ற கற்பனைன்னு ஒத்துக்கறேன், ஆனா அவன் அந்த வார்த்தையைத் தானா கண்டுபிடிச்சிருக்க மாட்டான். நாக்கு அவனோடது, வார்த்தை வேற யாரோடதோ.

அதே ஊர்ல அதுக்கும் ஒரு எம்பது எம்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னால இன்னொரு எட்டு வயசுப் பையன் வந்து எறங்குனான். ஃப்ரெடெரிக் டக்ளஸ், அடிமையாப் பொறந்து, பின்னால அடிமை முறைக்கு எதிராப் போராடினவர். 1845ல வந்த தன்வரலாறுல அவரே எழுதியிருக்கார். பால்டிமோர்ல அவரை வெச்சிருந்த வீட்டு எசமானியம்மா சோஃபியா, அதுக்கு முன்ன அடிமை வெச்சு ஆண்டு பழக்கமில்லாதவங்க, பையனுக்கு ஏபிசிடி சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. வீட்டுக்காரர் பாத்துட்டு, படிப்புச் சொன்னா அடிமை கெட்டுப் போயிருவான்னு நிறுத்திட்டார். அப்பறம் அந்தம்மாவே புருசனைவிடக் கடுமையா மாறிட்டாங்க, அவன் கையில ஒரு பேப்பரைப் பாத்தாப் புடுங்கற அளவுக்கு. மீதிப் படிப்பை டக்ளஸ் யாருகிட்டக் கத்துக்கிட்டார்னா தெருவுல வெளையாடற வெள்ளைக்காரப் பசங்ககிட்ட. வீட்டுல இருந்து ரொட்டியைப் பாக்கெட்டுல போட்டுட்டுப் போய், வயிறு காஞ்ச ஏழைப் பசங்களுக்குக் குடுத்து, பதிலுக்கு எழுத்துக் கேட்டு வாங்கியிருக்கார். ஒரே ஊரு. ஒரு பையனுக்கு அந்த ஊர்ப் பசங்க எழுத்துக் குடுத்தாங்க, இன்னொரு பையனுக்கு வசவு குடுத்தாங்க. பால்டிமோர் புள்ளைங்க பொறப்புலயே அப்படின்னு எவனாவது சொன்னா இதைக் காட்டுங்க. கல்லன் பின்னால ஹார்லெம்ல வாத்தியார் வேலை பாத்த ஸ்கூலுக்கு டக்ளஸ் பேருதான் வெச்சிருந்தாங்க, பின்னால பெரிய எழுத்தாளரான ஜேம்ஸ் பால்ட்வின் அங்க படிச்ச பையன்.

இதுல ஒரு முடிச்சு இருக்குது. புள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது, வெள்ளை மனசுன்னு நாம சொல்லிட்டே இருக்கோம் (வெள்ளை மனசு! நாம பேசற பேச்சுலயே பாருங்க). 1940கள்ல கென்னத் கிளார்க், மேமி கிளார்க்னு ஒரு கறுப்புத் தம்பதி, ரெண்டு பேரும் உளவியல் படிச்சவங்க, மூணு வயசுல இருந்து ஏழு வயசு வரைக்கும் இருக்கற கறுப்புக் குழந்தைங்க முன்னாடி நிறம் மட்டும் மாறின பொம்மைங்களை வெச்சு எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை, எது உன்னை மாதிரி இருக்குதுன்னு கேட்டாங்க. பெரும்பாலான குழந்தைங்க வெள்ளைப் பொம்மையை நல்லதுன்னு காட்டினதுங்க. அப்பறம் உன்னை மாதிரி எதுன்னதும் சில குழந்தைங்க அழுததா கிளார்க் சொல்லியிருக்கார். இனம் பிரிச்சுத் தனித்தனிப் பள்ளிக்கூடம் வெக்கறது தப்புன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1954ல சொன்ன தீர்ப்போட அடிக்குறிப்புல இந்த வேலையும் இருக்குது. பொம்மையை வெச்சு இவ்வளவு முடிவுக்கு வரலாமான்னு பின்னால கேள்வி கேட்டவங்க உண்டு, அதையும் சொல்லணும். ஆனா மூணு வயசுக்கே நிறம் தெரியுது, எந்த நிறத்துக்கு எந்த மரியாதைன்னும் தெரியுதுங்கறதுல எனக்குச் சந்தேகமில்ல. அதனால உங்க சார் எழுதிப் போட்ட 'குழந்தைமை இழப்பு' எனக்குப் பாதிதான் ஒத்து வருது. ஒரு பையனுக்கு அன்னிக்குப் போச்சுது, சரி. இன்னொருத்தனுக்கு அது எப்பப் போச்சுது? அவனுக்கு எட்டு வயசு ஆகறதுக்குள்ள, வீட்டுக்குள்ளயே, யாரும் பாக்காம போயிருக்குது. அதுக்கு எவனும் கவிதை எழுதலை.

இப்ப ஒப்பிடலாமாங்கற கேள்வி. இதுக்கு நான் சித்த என்ற கதையைச் சொல்லித்தான் ஆகணும், வேற வழியில்ல. எங்களுது தோட்டங்காடு இருக்கற குடும்பம். 1960கள் கடைசில எனக்கு ஏழு எட்டு வயசு இருக்கும், எங்க பண்ணையத்துல கூலி வேலைக்கு இருந்தவரோட பையன் ஒருத்தன் என்ற வயசு, ரெண்டு பேரும் இட்டேரில ஆடு ஓட்டறது, ஓணான் அடிக்கறதுன்னு ஒண்ணாத்தான் திரிவோம். தண்ணி தாகம்னா எனக்குச் சொம்பு, அவனுக்கு ஆத்தா கொட்டாங்குச்சில மேல இருந்து ஊத்தும், அது எங்க ரெண்டு பேருக்குமே வித்தியாசமாத் தெரிஞ்சதில்ல, வெயில் அடிக்கற மாதிரி அதுவும் ஒண்ணுன்னு இருந்தோம். சித்திரை மாசம், மாரியம்மன் நோம்பிக்கு கோயமுத்தூர்ல இருந்து அத்தை பசங்க வந்திருந்தாங்க, திண்ணைல உக்காந்திருந்தோம். அவன் நுங்கு வண்டி ஒண்ணு புதுசாச் செஞ்சு, ரெண்டு நுங்குக் கூந்தலைக் குச்சில கோத்து, கவட்டை வெச்சு உருட்டிக்கிட்டு என்ற பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வாசலுக்கு ஓடி வந்தான். எனக்குக் காட்டறதுக்கு. அத்தை பையன் என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, "ஏன்டா, உன்னையப் பேரு சொல்லிக் கூப்பிடறான்?"னான். எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. "டேய், பண்ணாடின்னு கூப்பிட்றா"ன்னேன், பண்ணையக்காரரை வேலையாளுங்க கூப்பிடற பேரு அது. அவன் நின்னான். அவங்கப்பன் என்னையப் பாத்து எப்படிச் சொல்லுவாரோ அதே மாதிரி "சரிங்க சின்னப் பண்ணாடி"ன்னான். திரும்பிப் போறப்ப வண்டியை உருட்டலை, கையில தூக்கிட்டுப் போனான்.

அதனால இந்தக் கவிதைல நீ யாரு பக்கம்னு எவனாவது கேட்டா, நாக்கு நீட்டுன பையன்னு நேராச் சொல்லிருவேன். எங்கூர்ல வசவே தேவைப்படலீங்க. கொங்குத் தமிழுக்கு 'ங்க' போட்டுப் பேசற மரியாதைன்னு நாம மேடை போட்டுப் பேசிக்கறோம், ஏனுங்க, வாங்க, சொல்லுங்கன்னு காதுல தேன் ஊத்தற மாதிரி இருக்கும்னு வெளியூர்க்காரங்களும் சொல்றாங்க. அந்த 'ங்க' யாருகிட்ட இருந்து யாருக்குப் போச்சுதுன்னும் பாக்கணும். அறுவது வயசுப் பண்ணையத்தாளு ஏழு வயசுப் புள்ளைக்கு 'ங்க' போடுவார், அந்தப் புள்ளை அவரை வாடா போடாம்பான். பால்டிமோர்ல ஆறெழுத்து செஞ்ச வேலையை எங்க வாசல்ல ரெண்டெழுத்து செஞ்சுது, அதுவும் மரியாதை எழுத்து. அவனுக்கு அது ஞாபகம் இருக்குதா இல்லையா, கேக்கற தைரியம் எனக்கு எப்பவும் வந்ததில்ல. அத்தை பையன்கிட்ட ஒருக்கா சொன்னேன், அப்படியா நடந்துதுன்னு கேட்டுட்டு காப்பி குடிச்சான்.

ஆனா தம்பி, ஒப்பிடறப்ப ரெண்டையும் ஒண்ணுன்னு கட்டிறாதீங்க. இனம் கண்ணுக்குத் தெரியறது, பால்டிமோர்ப் பையனுக்கு ஒரு பார்வை போதும். ஜாதிக்கு முதல்ல ஒரு கேள்வி வேணும். நம்ம பக்கம் பஸ்ல பக்கத்துல உக்காந்தவர் "எந்தூருங்க தம்பி"ம்பார், அப்பறம் "ஊருக்குள்ளயா, தோட்டத்துலயா, எந்தப் பக்கம்"பார், கடைசில "எந்தக் கூட்டமுங்க"ன்னு, அதாவது ஜாதிக்குள்ள எந்தக் குலம்னு, வந்து நிக்கும், அதுக்குப் பதில் இல்லாதவன் மொகத்தை நீங்களே பாத்திருப்பீங்க. இதுக்கு உங்க அசைன்மென்ட்டுல வெக்கறதுக்கு நல்ல ஜோடி ஒண்ணு இருக்குது, அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்'ல எழுதினது. 1901 வாக்குல, அவருக்கு ஒம்பது வயசு. மகாராஷ்டிரத்துக் கோரேகாவ்ல வேலை பாக்கற அப்பாவைப் பாக்க அண்ணன், அக்கா புள்ளைங்களோட ரயில்ல போறார். புதுச் சட்டை, ஜிகினாத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி, முதல் ரயில் பயணம், கல்லனோட பையனுக்கு இருந்த அதே சந்தோசம். மசூர் ஸ்டேஷன்ல எறங்கினா கூட்டிட்டுப் போக ஆள் வரலை. ஸ்டேஷன் மாஸ்டர் உடுப்பைப் பாத்துட்டு நல்ல வீட்டுப் புள்ளைங்கன்னு அன்பாப் பேசறார், அப்பறம் நீங்கல்லாம் யாருன்னு கேக்கறார். மகார்ன்னு அம்பேத்கர் யோசிக்காமச் சொல்லிட்டார், தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கி வெச்ச ஜாதி அது. ஸ்டேஷன் மாஸ்டர் மொகம் மாறிப் போச்சுது, பேசாம ரூமுக்குள்ள போயிட்டார். மாட்டு வண்டிக்காரங்க யாரும் ஏத்தலை, கடைசில ரெட்டை வாடகை குடுத்து, புள்ளைங்களே வண்டி ஓட்ட, வண்டிக்காரன் கூட நடந்து வந்தான், வழி பூரா குடிக்கத் தண்ணி கிடைக்கல. ஒம்பது வயசுல நடந்தது, மனசுல அழியாம நின்னு போச்சுன்னு அவரும் எழுதறார். அங்க பெரியவர் முதல்ல அன்பாப் பேசினார், கேள்விக்கு அப்பறம் அந்த அன்பு நின்னுது. இங்க புள்ளை சிரிச்சுது, வசவு வந்துது. இந்த வரிசை மாத்தத்தை மட்டும் புடிச்சுக்கிட்டு ரெண்டு பக்கம் எழுதினீங்கன்னாப் போதும், எவன் நோட்ஸ்லயும் இருக்காது.

இன்னொரு எச்சரிக்கை. ஒப்பிடறேன்னு சொல்லிட்டு நம்மாளுங்க நெம்பப் பேரு அமெரிக்காக்காரனைத் திட்டி நாலு பக்கம், நம்மூரைப் பத்தி "முன்னொரு காலத்தில் இருந்தது"ன்னு நாலு வரின்னு முடிச்சுக்குவாங்க. திருத்தற வாத்தியாருக்கும் அது வசதி. ரெட்டை டம்ளரு டீக்கடை எப்ப நின்னுது, எங்கெங்க நின்னுது, டிஸ்போசபிள் கப்பு வந்ததால மறைஞ்சுதா மனசு மாறி மறைஞ்சுதான்னு உங்க ஊர்ல வயசானவங்க ரெண்டு பக்கத்துலயும் கேட்டுட்டு எழுதுங்க. நான் சொல்றதை மட்டும் நம்பாதீங்க, நான் திண்ணைல உக்காந்திருந்த ஆளு, வாசல்ல நின்னவனுக்கு எப்படி இருந்துதுன்னு என்னால சொல்ல முடியாது. அதுக்கு அந்தப் பக்கத்துல இருந்து எழுதறவங்களைத்தான் படிக்கணும்.

கடைசியா, நீங்க கேக்கலை, ஆனா கேப்பீங்க. அந்த வார்த்தையைத் தமிழ்ல எப்படிப் போடறதுன்னு. ஒரு வருசம் மொழிபெயர்க்கச் சொன்னப்ப ஒருத்தர் 'கருவாயன்'னு போட்டாங்க, அது இங்க நட்புலயும் சொல்றது, வெய்ட்டு பத்தாது. ஒருத்தர் ஒரு ஜாதிப் பேரையே போட்டிருந்தார், வேற எதுவும் சேக்கலை, வெறும் பேரு. படிச்சுட்டு எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது, ஏன்னா அதுதான் ரொம்பக் கிட்ட வந்துது. அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கும் வேரு கறுப்புங்கற லத்தீன் சொல்லுதான், ஒரு அடையாளத்தோட பேரு வாயில பட்டுப் பட்டு வசவா மாறினது, நம்ம ஊர்லயும் பேருதான் வசவு. ஆனா அதை வகுப்புல படிச்சுக் காட்ட எனக்கு மனசு வரலை, அந்தப் பேர்க்காரப் பசங்க மூணு பேரு உக்காந்திருந்தாங்க. பரிச்சைல 'என்-வேர்ட்'னு எழுதிக்கோங்க, தப்பில்ல. நான் சத்தமா வாசிக்கறப்ப நாக்கை நீட்டுனான்ங்கற வரைக்கும் படிச்சுட்டு நிறுத்திருவேன், மேல போக வேண்டியதில்ல, ரெண்டு வரிக்கு முன்னாடி வந்த 'பிக்கர்' பசங்க காதுல இன்னும் இருக்கும்.